வானவழித் தூரமும் கடிதம் சேரும் காலமும்

மும்பைக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் சுமார் இரண்டு மணி நேரத்தில் இதனைக் கடந்துவிடுகிறது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் இவ்விரு நகரங்களுக்கிடையே தபால் பறந்த வரலாறு, அக்கணக்கில் அடங்காத சிலவற்றை நமக்குக் கூறுகிறது.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் காலையில், கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் புறப்பட்டார் ஜே. ஆர். டி. டாட்டா. அகமதாபாத்தில் இறங்கிப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னதாகப் பம்பாயின் ஜுஹு மைதானத்தை அடைந்தார். அவர் ஓட்டியது 'புஸ் மாத்' என்னும் ஒற்றை எஞ்சின் விமானம். அங்கிருந்து சென்னைத் தபாலை ஏற்றிச் சென்றவர் நெவில் வின்சென்ட்.

அவ்விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர். கணக்குப்படி ஆறரை மணி நேரத்தில் சென்னையை எட்டியிருக்க வேண்டும். வின்சென்டோ பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள்தான் சென்னை சேர்ந்தார். விமானத்தில் வானொலிக் கருவி இல்லை. இரவில் இறங்குவதற்குத் தரையில் விளக்குகளும் இல்லை. கதிரவன் மறைந்தால் பயணமும் நின்றது. மழைக்காலத்திலோ ஜுஹு மைதானமே நீரில் மூழ்கும். அப்போது விமானங்கள் புனாவிலிருந்து பறந்தன.

தென்னிந்தியர் மிகுதியாகக் குடியேறிய மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும் அதே 1932-இல்தான். பிழைப்பை நாடி வந்து, ஊரையும் உறவையும் தொலைவில் விட்டிருந்த அம்மக்களுக்கு ஊர்க்கடிதமே உறவுப் பாலம். தாயின் உடல்நிலையோ, தங்கையின் திருமணப் பேச்சோ, ஒரு நாள் முந்திவரும் செய்திக்கு அவர்களிடையே எத்துணை மதிப்பு இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தும் வழி 1949-இல் பிறந்தது. பம்பாய், சென்னை, கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் டக்கோட்டா விமானங்கள் புறப்பட்டு, நடுநிலமாகிய நாகபுரியில் கூடின. அங்கே தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் தத்தம் நகரங்களுக்குத் திரும்பின. மாலையில் சேர்த்த கடிதம் மறுநாளே விநியோகத்திற்கு வந்தது.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். நாகபுரி வழியாகச் சென்றால் பம்பாய்க்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 1,590 கிலோமீட்டர். நேர்வழியைக் காட்டிலும் இது ஒன்றரை மடங்கு. எனினும் கடிதம் முன்னைவிட விரைவாகவே போய்ச் சேர்ந்தது. டக்கோட்டாவின் கூடுதல் வேகம் ஒரு காரணம். மற்றொன்று, அதுவரை வீணாகக் கழிந்த இரவு, பயன்படும் காலமாக மாறியது. ஓடுபாதை விளக்குகளும், வானொலி வழிகாட்டுதலும், நள்ளிரவில் கண்விழித்து மூட்டைகளைப் பிரித்த தபால் ஊழியரும் அந்த மாற்றத்தைச் செய்தார்கள்.

அந்த இரவுத் தபால் முறை இன்று வழக்கில் இல்லை. ஆயினும், இரண்டு மணி நேரப் பயணம் என்று நாம் இலகுவாகச் சொல்லும்போது, தரையில் நின்று விளக்கேற்றியவர்களின் உழைப்பையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்வது நம் கடமையாகும்.