லூ குவாங்

லூ குவாங் (பிறப்பு: 1961) ஒரு சீன ஆவண ஒளிப்படக் கலைஞர் ஆவார். செசியாங் மாகாணத்தின் யொங்காங்கில் பிறந்த இவர், பட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது 1980 இல் முதன்முதலாகப் படக்கருவியைக் கையில் எடுத்தார். பின்னர் எந்த நிறுவனத்தையும் சாராமல் தனித்து இயங்கினார்.

ஹெனான் மாகாணச் சிற்றூர்களைப் பற்றிய படத்தொடரே இவரை உலகறியச் செய்தது. 1990களில் அங்கு ஏழை உழவர்கள் பணத்துக்காகக் குருதி விற்றனர். பலரது குருதியை ஒன்றாகக் கலந்து நீர்மத்தைப் பிரித்தெடுத்தபின், எஞ்சிய செவ்வணுக்கள் மீண்டும் அவர்களுக்கே ஏற்றப்பட்டன. இவ்வாறு எச்.ஐ.வி. ஊர் ஊராகப் பரவியது. உள்ளூர் அதிகாரிகள் மறைக்க முயன்ற இக்கொடுமையை, நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று லூ பதிவு செய்தார். இத்தொடர் 2004 இல் உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்றது.

சீனாவின் தொழிற்சாலை மாசு பற்றிய படங்களுக்காக 2009 இல் டபிள்யூ. யூஜின் சுமித் நல்கை இவருக்குக் கிடைத்தது. சப்பானில் மினமாட்டா பாதரச நச்சேற்றத்தைப் படமாக்கியவர் சுமித் என்பதால் இது மிகவும் பொருத்தமானதே.

2018 நவம்பரில் சிஞ்சியாங் சென்றிருந்தபோது லூ காணாமல் போனார். அவர் கைது செய்யப்பட்டதைக் காசுகர் காவல்துறை டிசம்பரில் குடும்பத்தினரிடம் உறுதி செய்தது. அவர் விடுதலையாகி வீடு திரும்பிவிட்டதாக 2019 செப்டம்பரில் அவருடைய மனைவி அறிவித்தார்.