ஜாஸ் இசைத்தட்டு சேகரிப்பு

ஜாஸ் இசை பதிவான பழைய கிராமபோன் தட்டுகளையும் எல்.பி. ரெக்கார்டுகளையும் தேடி வாங்கி, பாதுகாத்து, திரும்பத் திரும்பக் கேட்டு, எந்தத் தட்டில் யார், எப்போது, எங்கே வாசித்தார்கள் என்பதைக் குறித்து வைக்கும் பொழுதுபோக்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1920-களில் தொடங்கி, 1930-களில் பிரான்சில் ஒரு துறையாகவே வளர்ந்தது. இந்தியாவில் ஜாஸ் தட்டுகள் முதலில் புழங்கிய இடங்கள் பம்பாயும் கல்கத்தாவும். சென்னைக்கு அது சற்றுத் தாமதமாக வந்தது. புதுச்சேரிக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. பலர் அறியாத இடம்.

தபால்தலை, நாணயம் சேகரிப்பவர்களின் வரிசையில் இவர்களையும் சேர்த்துப் பேசுவது வழக்கம். இந்த வேலை அதைவிடப் பெரியது. கீர்த்தனையை ஏட்டில் எழுதி வைக்கலாம். ஆலாபனையை எழுதி வைக்க முடியாது. கச்சேரி முடிந்ததும் அது போய்விடும். ஜாஸில் பெரும்பகுதி அப்படிப்பட்ட மனோதர்மம்தான். ஒரே மெட்டை நேற்று வாசித்த மாதிரி இன்று வாசிக்க மாட்டார்கள். ஆகவே அந்த இசைக்கு ஏடு என்று ஒன்று இருந்தால் அது தட்டுதான். தட்டு உடைந்தால் அந்த வாசிப்பும் போயிற்று.

தொடக்கம்

முதல் ஜாஸ் தட்டு என்று பொதுவாக ஏற்கப்படுவது 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காக ஒரிஜினல் டிக்சிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழு பதிவு செய்தது. இசையை உருவாக்கிய கறுப்பினக் கலைஞர்களின் வாசிப்பு பரவலாகத் தட்டில் ஏறியது அதற்குப் பிறகுதான். கார்னெட் கலைஞர் கிங் ஆலிவரின் குழு 1923-ல் ஜெனட் நிறுவனத்தில் பதிவு செய்தது. அதில் இரண்டாவது கார்னெட் வாசித்த இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவரே 1925 முதல் சிகாகோவில் ஓக்கே நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ஹாட் ஃபைவ் தட்டுகள் இன்றும் சேகரிப்பாளர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுபவை.

அக்காலத்துப் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம். லேபிளில் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் இருக்கும். கிளாரினெட் யார், டிரம் யார் என்பது இருக்காது. சில நிறுவனங்கள் ஒரே குழுவைப் பல புனைபெயர்களில் விற்றன. கேட்பவர்கள் காதை மட்டும் நம்பி, இது இன்னார் ஊதுவது என்று வாதிட்டார்கள். அந்த வாதங்களிலிருந்துதான் தட்டுப்பட்டியல் என்ற ஆய்வுத்துறை பிறந்தது.

அதைப் பிறப்பித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பாரிசில் 1932-ல் ஹாட் கிளப் து பிரான்ஸ் தொடங்கப்பட்டது. யூக் பனாசியே, ஷார்ல் தெலோனே ஆகியோர் அதன் தூண்கள். 1935-ல் ‘ஜாஸ் ஹாட்’ இதழ் வந்தது. 1936-ல் தெலோனே வெளியிட்ட ‘ஹாட் டிஸ்கோகிராஃபி’ ஜாஸ் தட்டுகளைக் கலைஞர், பதிவு நாள், குழுவினர் என்று வகைப்படுத்தித் தந்த முன்னோடி நூல். 1937-ல் இவர்கள் ஜாஸுக்கென்றே ‘ஸ்விங்’ என்ற இசைத்தட்டு முத்திரையையும் தொடங்கினார்கள். ஜாஸ் பிறந்த அமெரிக்காவில் அதை நடன மண்டபத்துப் பொழுதுபோக்காகவே பெரும்பாலோர் நினைத்திருந்த காலம் அது. அந்த இசையை வரிசைப்படுத்திப் பாதுகாக்க வேண்டிய கலை என்று முதலில் உறுதியாகச் சொன்ன பெருமை இந்தப் பாரிஸ் ரசிகர்களுக்கு உரியது.

தட்டைப் படிப்பது

சேகரிப்பாளர் தட்டைக் கையில் எடுத்ததும் லேபிளை மட்டும் பார்ப்பதில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வரிகள் முடிந்து லேபிள் தொடங்கும் இடத்துக்கு நடுவே உள்ள வழுவழுப்பான வளையத்தைப் பார்க்கிறார். அங்கே சிறு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அது அச்சு எண். எந்தப் பதிவு அமர்வில் எத்தனையாவதாகப் பதிவான பாட்டு என்பதைக் காட்டும். அதன் பின்னால் இன்னோர் எண்ணோ எழுத்தோ இருந்தால், அன்று அதே பாட்டை எத்தனையாவது முறை வாசித்தது என்று பொருள். ஒரே லேபிள், ஒரே பட்டியல் எண். ஆனால் இரண்டாம் முறை வாசித்ததற்குப் பதிலாக முதல் முறை வாசித்தது அச்சாகியிருந்தால் டிரம்பெட் தனி ஆவர்த்தனம் முற்றிலும் வேறாக இருக்கும். அது வேறு இசைதான். இந்த எண்ணைக் குறிக்காமல் தட்டின் பெயரை மட்டும் எழுதி வைக்கும் பட்டியல் பாதிப் பட்டியல்.

அரக்கும் போரும்

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 78 சுற்றுத் தட்டுகளின் மூலப்பொருள் அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் பூச்சி சுரப்பது. அதோடு கல்பொடியும் கரியும் சேர்த்து அழுத்தினால் தட்டு. சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங் ஊதியதும் பாரிசில் ஜாங்கோ ரைன்ஹார்ட் கிதார் மீட்டியதும் பதிந்து கிடந்தது பெரும்பாலும் இந்திய அரக்கில். ஜாஸ் வரலாறு எழுதியவர்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை; சொல்ல வேண்டிய செய்தி.

இரண்டாம் உலகப்போரில் அரக்கு வரத்து குறைந்ததும் அமெரிக்க அரசு 1942-ல் தட்டுக்கான அரக்குப் பயன்பாட்டை எழுபது சதவீதம் வெட்டியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவுக்கூடங்களைப் புறக்கணித்தது. நியூயார்க்கில் பீபாப் என்ற புதுப்பாணி முளைத்துக்கொண்டிருந்த நேரம். அதன் முதல் இரண்டு ஆண்டுகள் ஏறக்குறைய பதிவே இல்லாமல் போயின. சேகரிப்பாளர்கள் இன்னும் ஆறாத மனத்தோடு பேசும் இழப்பு இது.

இந்தியாவில்

இந்தியாவில் கிராமபோன் பதிவு 1902-ல் கல்கத்தாவில் தொடங்கியது. 1908 முதல் தட்டுகள் இங்கேயே அச்சாகின. பின்னர் டம்டம் தொழிற்சாலை நாடு முழுமைக்கும் தட்டு அனுப்பியது. மேற்கத்திய நடன இசையும் அதில் ஒரு பகுதி.

லியான் ஆபியின் குழு 1935-ல் பம்பாய் தாஜ் மஹால் ஓட்டலுக்கு வந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர்களே நிறைந்த ஜாஸ் குழு இந்தியாவில் மேடையேறியது அப்போதுதான். அடுத்து வந்த கிரிக்கெட் ஸ்மித் என்ற டிரம்பெட் கலைஞரின் கதை பிரான்சையும் இந்தியாவையும் நேராக இணைப்பது. அவர் 1920-களின் தொடக்கத்தில் பாரிசில் லூயி மிட்சலின் ஜாஸ் கிங்ஸ் குழுவில் இருந்து, பிரெஞ்சு நிறுவனமான பாத்தேவுக்காகத் தட்டுகள் பதிவு செய்தவர். 1936-ல் பம்பாயில் தாஜ் மஹால் பெயரில் அமைந்த ஒரு ஃபாக்ஸ்டிராட்டைத் தட்டில் பதிவு செய்தார். பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் 1937-ல் பாரிசில் ‘ஸ்விங்’ முத்திரைக்குத் தனியாக வாசித்துப் பதிவு செய்துவிட்டு இந்தியா திரும்பினார். கல்கத்தாவில் போர்க்காலத்தில் கொலம்பியாவுக்காகப் பல தட்டுகள் தந்தார். 1945-ல் அங்கேயே காலரா கண்டு இறந்தார். அப்போது வயது நாற்பத்தொன்று. இவர்களிடம் பழகிய கோவா கலைஞர்கள், அவர்களில் தலையாய சிக் சாக்லேட், பின்னர் இந்தித் திரையிசைக்குள் ஜாஸைக் கொண்டுபோனார்கள்.

கல்கத்தாவிலும் பம்பாயிலும் அச்சான இந்தத் தட்டுகள் சிறு எண்ணிக்கையில் விற்றவை. அவற்றில் பலவற்றை இன்று கேட்க முடிகிறதென்றால், யாரோ ஒருவர் தன் அலமாரியில் வைத்திருந்ததால்தான். நரேஷ் பெர்னாண்டஸ் 2012-ல் ‘தாஜ் மஹால் ஃபாக்ஸ்டிராட்’ என்ற நூலில் பம்பாய் ஜாஸ் காலத்தை மீட்டெழுதியபோது பழைய தட்டுகளும் கலைஞர் குடும்பங்கள் காத்து வைத்த படங்களுமே ஆதாரமாயின.

சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டுத் தட்டு வாங்குவது கடினமாயிற்று. 1952-ல் பம்பாயில் நிரஞ்சன் ஜவேரியும் நண்பர்களும் ‘புளூ ரிதம்’ என்ற ஜாஸ் இதழை நடத்தினார்கள். அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஜவேரி விடவில்லை, 1978-ல் ஜாஸ் யாத்ரா விழாவைத் தொடங்கி உலகக் கலைஞர்களைப் பம்பாய்க்கு அழைத்தார். தட்டு வாங்க வழியில்லாதவர்களுக்கு சிற்றலை வானொலி கைகொடுத்தது. 1955 ஜனவரியில் தொடங்கிய வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஜாஸ் நேரத்தை வில்லிஸ் கானோவர் நிறுத்தி நிதானமாக, ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவருக்கும் புரியும்படி நடத்தினார்.

சென்னையும் தமிழ்க் காதும்

தமிழ்நாட்டில் தட்டு வணிகம் வலுவாகவே இருந்தது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்க வருமுன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்றது. பழைய தட்டுக்கு மூர் மார்க்கெட். 1985-ல் அது எரிந்தபோது பழைய புத்தகங்களைத் தேடி அலைந்தவர்களைப் போலவே தட்டுத் தேடுபவர்களும் ஒரு புகலிடத்தை இழந்தார்கள்.

ஜாஸ் கலைஞர்களும் வந்தார்கள். டேவ் புரூபெக் 1958-ல் சென்னை வந்தபோது அவருடைய குழுவினர் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார்கள். புரூபெக் நாடு திரும்பி வெளியிட்ட ‘ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா’ எல்.பி.யில் இந்தப் பயணத்தின் தடம் இருக்கிறது. டியூக் எலிங்டன் 1963-ல் சென்னையில் வாசித்தார். அந்த ஆசியப் பயணம் பிறகு ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ ஆயிற்று. இவ்விரண்டு தட்டுகளும் தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர் எவரிடமும் இருக்க வேண்டியவை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பெருவாரியான தமிழர் ஜாஸைக் கேட்டது அதன் பெயர் தெரியாமலே. விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் 1960-களின் திரைப்பாடல்களில் சாக்ஸபோன், டிரம்பெட், டிரம்செட் எல்லாம் ஜாஸ் நடையில் வருகின்றன. ‘புதிய பறவை’ பாடல்கள் நல்ல சான்று. கல்யாண வீட்டு மைக் செட்டில் சுழன்ற ரெக்கார்டுகள் தமிழ்க் காதை அந்த ஓசைக்குப் பழக்கின. இந்தத் திரைத்தட்டுகளை மதித்துச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் இசை, நடன விமர்சகர் வி.ஏ.கே. ரங்காராவ். அவருடைய 78 சுற்றுத் தட்டுத் தொகுப்பு லிம்கா சாதனை நூலில் இடம்பெற்றது. திரையிசைத் தட்டையும் ஆராய்ச்சிப் பொருளாகக் கருதலாம் என்று காட்டியவர் அவர்.

புதுச்சேரி

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து விடுபட்டது. மறு ஆண்டே அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கு வந்து சேர்ந்த அறிஞர்களுள் ஒருவர் அலேன் தானியேலு. காசியில் நெடுங்காலம் வாழ்ந்து வீணை கற்றவர். அடையாறு நூலகத்தின் இயக்குநராக இருந்தவர். 1956 முதல் சில ஆண்டுகள் புதுச்சேரியில் ஆய்வு செய்தார். பதிவுக் கருவியும் கையுமாகத் திரிந்தவர். 1955-ல் யுனெஸ்கோ ஆதரவில் அவர் தொகுத்த இந்தியச் செவ்வியல் இசைத் தொகுப்பில் டி.கே. பட்டம்மாள், டி. விஸ்வநாதன், பாலசரஸ்வதி ஆகியோரைப் பாரிஸ் கேட்டது. அதற்கு முன் 1952-ல் நியூயார்க்கின் ஃபோக்வேஸ் நிறுவனம் அவர் பதிவு செய்த இந்தியச் சமய இசையை எல்.பி.யாக வெளியிட்டிருந்தது. அதிலுள்ள வேத கோஷத்தின் சாயலே அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1961-ல் வாசித்த ‘இந்தியா’ என்ற உருப்படியின் தொடக்கத்தில் கேட்கிறது என்று ஆய்வாளர் சிலர் சுட்டியிருக்கிறார்கள். இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துச் சுழலவிட்டால் அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது விளங்கும்.

1889-ல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையம் இன்றும் புதுச்சேரியில் இயங்குகிறது. பிரான்சில் 1982-ல் பிறந்த ஃபெத் து லா மியூசிக் என்ற ஜூன் இசைத் திருநாள் இங்கும் கொண்டாடப்படுகிறது.

பராமரிப்பு

கடற்கரை ஊரில் தட்டு வைத்திருப்பவருக்கு முதல் பகை ஈரக்காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் காகித உறையில் பூஞ்சணம் பிடித்து, அது தட்டின் வரிகளுக்குள் இறங்கும். தட்டுகளை நிமிர்த்தி நிறுத்தி வைக்க வேண்டும். படுக்கப்போட்டு அடுக்கினால் வளையும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு மென்சோப்பு போதும். எல்.பி.க்கான முள்ளை 78 சுற்றுத் தட்டில் வைக்கக் கூடாது. வரி அகலமானது, முள் அடியில் போய்த் தூசியை உழும். பாத்தேயின் பழைய தட்டுகள் இன்னும் வேறுவகை: வரிகள் பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழும் ஏறி இறங்குபவை, சில உள்ளிருந்து வெளியே ஓடுபவை. சாதாரண முள்ளை வைத்துப் பார்த்து ஒலி வரவில்லை என்று எறிந்துவிடுபவர்கள் உண்டு.

புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சைகோனிலும் பாரிசிலும் பணிபுரிந்து ஊர் திரும்பிய பெரியவர்களின் வீட்டில் பரண்மேல் ரெக்கார்டுப் பெட்டி கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். மகாத்மா காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கறுப்புத் தட்டு கண்ணில் பட்டால் லேபிளையும் உள்வளைய எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். பிரெஞ்சு முத்திரையுள்ள தட்டு எதுவானாலும், பாட்டு புரியாவிட்டாலும், ஒரு நூலகத்திடம் காட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.