வெளிச்சத்துக்கும் வரி!

பண்டிகை நாளில் வீட்டில் விருந்து. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, டைனிங் டேபிள் நடுவே ரெண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறீர்கள். 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர் அதைப் பார்த்தால், ‘இவ்வளவு வெளிச்சத்தை அணைக்கிறீர்களே, பைத்தியமா உங்களுக்கு?’ என்பார்!

அன்று சாமானியர் வீட்டில் எரிந்தது, ஆட்டுக் கொழுப்பிலும் மாட்டுக் கொழுப்பிலும் செய்த மெழுகுவத்தி. புகையும், நாறும். சாப்பாட்டுக்கு நடுவே கருகிய திரியை அடிக்கடி கத்தரிக்கணும். இல்லாவிட்டால் வெளிச்சம் மங்கிவிடும். மணக்கும் தேன்மெழுகுவத்தி பணக்காரர்களுக்கும் சர்ச்சுக்கும்தான். போதாக்குறைக்கு, 1709-ல் மெழுகுவத்திக்கு வரி போட்டது பார்லிமென்ட். லைசென்ஸ் வாங்கி வரி கட்டாமல் வீட்டில் செய்துகொள்ளவும் தடை! ஏழைகள் கோரைத் தண்டை உரித்து, கொழுப்பில் தோய்த்து ஏற்றிச் சமாளித்தார்கள். ஆகவே விருந்து மேஜையில் எத்தனை மெழுகுவத்தி எரிகிறது என்பதே அந்த வீட்டின் அந்தஸ்தைச் சொல்லிவிடும்.

விடிவு பிரான்ஸிலிருந்து வந்தது. ஷெவ்ருல் என்ற விஞ்ஞானி கொழுப்பைப் பகுத்து ஆராய்ந்தார். அதிலிருந்து ஸ்டியரிக் அமிலத்தைப் பிரித்து மெழுகுவத்தி செய்ய, 1825-ல் கே-லுசாக்குடன் சேர்ந்து காப்புரிமை வாங்கினார். நாற்றம் போச்சு! தானே வளைந்து எரிந்துவிடும் பின்னல் திரியும் வந்தது, கத்தரிக்கு வேலையில்லை. 1831-ல் பிரிட்டனில் வரியும் ஒழிந்தது.

சாமானியர் மேஜைக்கும் நல்ல வெளிச்சம் வந்து அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை... 1879-ல் எடிசனின் பல்ப் எரிந்தது! 1889-ல் 102 வயதில் இறந்த ஷெவ்ருல், அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒரு காலத்தில் இருட்டை விரட்டக் காசில்லாமல் தவித்தார்கள். இன்று நாம் காசு கொடுத்து, கொஞ்சம் இருட்டை விருந்துக்கு அழைக்கிறோம்!