மழைக்கு மூடி, தைக்கு எழுப்பி

உப்பளத்து எஞ்சின் ஓடிக் கெட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. நின்று கெட்டவைதான் பட்டறைக்கு வந்தன. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதம் சும்மா கிடந்துவிட்டு, தை பிறந்ததும் “அண்ணாச்சி, ஹேண்டில் அசையவே மாட்டேங்கு” என்று ஆள் வரும். முத்தையாபுரத்தில் ஃபிட்டர் வேலை பார்த்த எங்கள் தலைமுறைக்குச் சோறு போட்டதில் பெரிய பங்கு அந்த மூன்று மாதத்துக்குத்தான். இன்று அளங்களில் மின்மோட்டார் வந்துவிட்டது. எண்ணெய் எஞ்சினை மழைக்கு மூடுவதும் தைக்கு எழுப்புவதுமாக இருந்த ஒரு கைத்தொழில், பார்த்தவர்களோடு போய்விடும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். தூத்துக்குடிக்குத் தெற்கே, துறைமுகத்துக்கும் ஸ்பிக் ஆலைக்கும் பக்கத்தில் இருக்கிறது முத்தையாபுரம். ஊரை விட்டு வெளியே வந்தால் முள்ளக்காடு வரைக்கும் உப்புப் பாத்திதான். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால் கோடை முழுக்க இங்கே வெயிலும் காய்ந்த மேல்காற்றும்தான். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும். உப்புக்கு இதைவிட நல்ல வானிலை கிடையாது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகம் உப்பு விளைகிற மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. தையில் பாத்தியைச் சீர்செய்து, மாசியிலோ பங்குனியிலோ உப்பு வாறத் தொடங்கினால் புரட்டாசி வரை வாறலாம். பிறகு மழை. தட்டுமேட்டில் குவித்த உப்பு அம்பாரத்தைப் பனையோலையால் மூடிவிட்டு அளத்தை விட்டு வெளியே வரவேண்டியதுதான்.

உப்புக்கு மூலம் தண்ணீர். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி போமே அடர்த்தி; உப்பு இறங்குவது 25 டிகிரியில். தூத்துக்குடி அளங்களில் பெரும்பாலும் நிலத்தடி உப்புநீரை இறைத்துத்தான் பாய்ச்சுகிறோம். அது கடல்நீரைவிடக் கனமானது, ஆகவே சீக்கிரம் காய்ச்சலுக்கு வரும். ஆனால் இறைக்கவேண்டும், இரவும் பகலும். என் தகப்பனார் காலத்தில் துலாவும் ஏற்றமும்தான். கொச்சக் கயிற்றைப் பிடித்து இழுத்த அவர் உள்ளங்கையில் உப்பு அரித்த வெடிப்புகள் சாகும்வரை ஆறவில்லை.

எஞ்சின் வந்த கதைக்கு உப்பு வரியின் கதையும் வேண்டும். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. அதன்பிறகு எங்கே விளைவிப்பது, யாருக்கு விற்பது என்பதெல்லாம் சர்க்கார் கையில். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் இதற்காகத்தான். 1947 ஏப்ரலில் உப்பு வரி எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பத்து ஏக்கர் வரைக்கும் லைசென்சு வேண்டாம் என்றானது. சின்னச் சின்ன ஆட்களும் பாத்தி கட்ட வழி பிறந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் இந்திய எண்ணெய் எஞ்சின்கள் சந்தைக்கு வந்தன. 1946இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் தொடங்கியது. 1,500 சுற்றில் ஓடும் ஐந்து குதிரைச் சக்தி எஞ்சின் தமிழ்நாட்டுக் கிணற்று மேடெல்லாம் ஏறியது. மறுபக்கம், இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் செய்த மெதுவோட்ட எஞ்சினை அச்சு அசலாக ராஜ்கோட் பட்டறைகள் வார்த்தன. நிமிடத்துக்கு 650 சுற்று. இரண்டு பக்கமும் பெரிய சக்கரம். “டொக்… டொக்…” என்று ராத்திரியில் அது இறைக்கிற சத்தத்தில்தான் நாங்கள் தூங்கிப் பழகினோம்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த மேஸ்திரி இந்த மெதுவோட்ட எஞ்சின்மேல்தான் பிரியம் வைத்திருந்தார். பாகங்கள் கனம், இடைவெளி தாராளம், கழற்றினால் எல்லாம் கைக்கு எட்டும். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் எந்த எஞ்சினாக இருந்தாலும் உப்பளக் காற்றுக்கு ஒன்றுதான். நாம் சாப்பிடுகிற உப்பு, காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியும். உப்புநீரில் கூடவே இருக்கிற மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூட வேண்டியதில்லை. ஆகவே இரும்பின்மேல் படிந்த உப்புத் தோல் மழைக்காலத்தில் காய்வதே கிடையாது. மூன்று மாதமும் இரும்பு நனைந்துகொண்டே கிடக்கும். வெயில்காலத்தில் எஞ்சின் தன் சூட்டிலேயே தன்னைக் காயவைத்துக்கொள்ளும். நின்றுவிட்டால் அந்தக் காவல் போய்விடும்.

மூடுகிற வேலைக்கு ஊரே ஒரு நாளை வைத்திருந்தது: ஆயுத பூசை. புரட்டாசியிலோ ஐப்பசி முதலிலோ வரும். எஞ்சினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு மாலை போட்டு, பொரிகடலை கொடுப்பார்கள். வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர் அளத்திலும் அன்றைக்கு எஞ்சினைக் கழுவாமல் விடமாட்டார்கள். மழை தொடங்கும் முன் எல்லா இயந்திரமும் ஒருமுறை சுத்தமாகிவிடும். இந்த ஏற்பாட்டை யார் யோசித்து வைத்தார்களோ, நல்ல ஃபிட்டர் ஒருவரின் யோசனைதான் அது.

கழுவுவதை மேஸ்திரி நல்ல தண்ணீரில்தான் செய்யவிடுவார். முத்தையாபுரத்தில் நல்ல தண்ணீர் குடத்துக்குக் குடம் எண்ணி வாங்கிய காலம் அது. இருந்தாலும் விடமாட்டார். உப்பைக் கழுவாமல் எண்ணெய் பூசினால் எண்ணெய்க்கு அடியில் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்பார். கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகுதான் எண்ணெய்த் துணி. பழைய ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்துப் புது ஆயில் ஊற்றவேண்டும். எரிந்த ஆயிலில் அமிலம் உண்டு, அது பேரிங்கைத் தின்னும். சுற்றிவருகிற குளிர்நீரை முழுக்க வடிக்கவேண்டும். டீசல் தொட்டியை நிரப்பி வைக்கவேண்டும், காலி இடம் இருந்தால் அங்கே ஈரம் வேர்க்கும். புகைக்குழாய் வாயில் டப்பாவைக் கவிழ்த்துச் சாக்கு சுற்றிக் கட்டவேண்டும். நாசிலைக் கழற்றி, சிலிண்டர் போருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கிற இடத்தில் நிறுத்தவேண்டும். இந்தக் கடைசிச் சங்கதி தெரியாமல் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஒரு வால்வு திறந்து நின்றால் கடல்காற்று நேரே பிஸ்டன் தலைக்கு வந்துவிடும். தையில் ரிங் போரோடு ஒட்டிக் கிடக்கும். பெல்ட்டை இறக்கிச் சுருட்டி வீட்டுக்குள் தொங்கவிடுவார்கள். ஃபுட்வால்வைத் தூக்கி, அதன் தோல் மடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவார்கள்.

எங்கள் பக்கத்து அளக்காரர் ஒருவர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருந்தார். சென்னையில் 1961 முதல் செய்த வண்டி. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அது. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ட்ரையம்ஃப்காரர்கள் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். மழை வந்தால் அளத்துப் பாதை முழங்கால் சகதி. அவர் காரை ஷெட்டில் ஏற்றி, நான்கு மூலைக்கும் கல் கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்கி, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவார். எஞ்சினுக்குச் செய்கிற அத்தனையும் அதற்கும் மேஸ்திரிதான் செய்தார். குளிர் நாடுகளில் ஸ்பிட்ஃபயர், எம்.ஜி. போன்ற பழைய கார்களை வைத்திருப்பவர்கள் பனிக்காலத்தில் வண்டியை வெளியே எடுப்பதில்லை என்று பிற்பாடு படித்தேன். காரணம் பனி மட்டுமில்லை. பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டுகிற உப்பு. தண்ணீரோடு உப்பு சேர்ந்தால் சுழியத்துக்குக் கீழே 21 டிகிரி வரைக்கும் அது உறையாமல் இருக்க முடியும். அந்தத் தண்ணீர் சட்டத்தின் இடுக்கிலெல்லாம் ஏறி அரிக்கிறது. ஆக, அங்கே ஏப்ரலில் ஷெட்டைத் திறக்கிறவனும் இங்கே தையில் கொட்டகையைத் திறந்த நாங்களும் ஒரே எதிரியோடுதான் மல்லுக்கு நின்றிருக்கிறோம்.

எழுப்புகிற வேலையில்தான் ஃபிட்டரின் தரம் தெரியும். பொங்கல் கழிந்ததும் எல்லா அளக்காரருக்கும் அவசரம். மழைநீரை வெளியேற்றி, பாத்தியில் படிந்த சேற்றை வழித்து, வரப்பு கட்டி, தரையை மிதித்து இறுக்கவேண்டும். எஞ்சின் ஓடினால்தான் அடுத்த வேலை. கொட்டகையைத் திறந்ததும் ஹேண்டிலைக் கையில் எடுக்கிற பையனைப் பார்த்தால் மேஸ்திரிக்குக் கோபம் வரும். “ஏல, அதத் தொடாத. மொதல்ல ஆயில மோந்து பாரு.”

ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தொட்டியின் அடியைத் திறந்து, அடங்கிய தண்ணீரும் சேறும் போகும்வரை டீசலை வடிப்போம். நாசில் துளை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து விட்டு ஒரு ராத்திரி ஊறவைப்போம். மறுநாள் வால்வு லீவரைத் தூக்கி வைத்துக்கொண்டு, அழுத்தம் இல்லாமல் சக்கரத்தை இரண்டு கையாலும் மெல்ல அசைக்கவேண்டும். அசையாவிட்டால் திரும்ப ஊறவைக்கவேண்டும். சம்மட்டியால் தட்டி எழுப்பிய எஞ்சின்களில் ரிங் உடைந்து, போரில் கோடு விழுந்து, அந்த வருஷம் முழுக்கப் புகை கக்கும். அசைந்துவிட்டால் முன்னும் பின்னும் ஆட்டி, பிறகு முழுச் சுற்று. நாசிலைத் தனியே கைப்பம்பில் மாட்டித் தெளிப்பைப் பார்ப்போம். பனிமூட்டம்போல் விசிறவேண்டும், சொட்டக்கூடாது. அந்தத் தெளிப்புக்கு முன்னால் விரலை நீட்டக்கூடாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்பதை எல்லாப் பையன்களுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார். டீசல் குழாயில் ஏர் எடுத்து, பம்பின் கிளாண்டுக் கயிற்றைப் புதிதாக அடைத்து, ஃபுட்வால்வை இறக்கித் தண்ணீர் நிரப்பி, அதன்பிறகுதான் ஹேண்டில். பிடித்துக்கொண்டால் உடனே பெல்ட் மாட்டமாட்டார். பாரம் இல்லாமல் ஓடவிட்டு, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டே இருப்பார்.

பல பட்டறைகளில் இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள். ஓடத்தான் செய்தது. ஆனால் அந்த எஞ்சின்கள் உச்ச விளைச்சலான சித்திரையிலும் வைகாசியிலும் ஓவராயிலுக்கு வந்தன. ஒரு வாரம் இறைக்காமல் போனால் உப்புநீர் தேக்கும் தெப்பத்தில் தண்ணீர் ஏறாது, அதற்குப் பின்னால் பாத்தியில் உப்பும் இறங்காது. நஷ்டம் முதலாளிக்கு மட்டுமில்லை, வாறுகிறவர்களுக்கும்தான்.

அந்த வாறுகிறவர்களைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. ராஜம் கிருஷ்ணன் இங்கே வந்து பார்த்துத் திரிந்து 1979இல் ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதினார். அதற்கு முன்பும் பின்பும் அளத்தில் நின்றவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. மழை மாதங்களில் எஞ்சினுக்குப் புது ஆயில் வாங்க முதலாளி காசு கொடுப்பார். அதே மூன்று மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்த பெண்கள் முன்பணம் வாங்கி, கடன் வாங்கி, நகையை அடகு வைத்து ஓட்டினார்கள். தையில் வேலைக்கு வரும்போதே கடனோடுதான் வருவார்கள். கூலி எஞ்சினியர் என்று என்னைக் கேலியாகக் கூப்பிடுகிற ஓர் அக்கா, நான் பிஸ்டனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, “தம்பி, இதுக்கு ஒரு மழக்காலம், எங்களுக்கு ஒரு மழக்காலமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கோயம்புத்தூர் மோட்டார்கள் வந்தபின் எண்ணெய் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. மோட்டாருக்கு இத்தனை சடங்கு வேண்டாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2023 டிசம்பர் 17, 18இல் கொட்டிய மழை அந்த நினைப்பைக் கலைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். முத்தையாபுரம் தண்ணீரில் நின்றது. மூடிவைத்த அம்பாரங்கள் கரைந்தன, மேடையிலிருந்து இறக்காமல் விட்ட மோட்டார்கள் சேற்றுக்குள் கிடந்தன. மழைக்கு முன்பே கழற்றி வீட்டு மாடிக்கு ஏற்றியவர்கள் தப்பித்தார்கள். அப்படி ஏற்றியவர்களில் நான் அறிந்தவரை பெரும்பாலோர் எண்ணெய் எஞ்சினோடு பழகிய பழைய ஆட்கள்.

எங்காவது கொட்டகையில் பெரிய சக்கரத்து எஞ்சின் ஒன்று கிடந்தால் அதை எடைக்குப் போடாதீர்கள். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்திலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ நிறுத்தி வைக்கலாம். எழுப்பிக் காட்ட என்னைப்போல் இன்னும் சிலர் இருக்கிறோம்.

அந்த அக்கா கேட்டதற்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உப்பு விளையாத மாதங்களுக்காகத் தமிழக அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. இத்தனை காலம் யாரும் செய்யாததைச் செய்தார்கள், நல்லது. ஆனால் அது மூன்று மாதத்துக்கும் சேர்த்து. ஒரு குடும்பத்துக்கு அது போதாது. மாதத்துக்கு 5,000 என்று அதை உயர்த்தவேண்டும். அளக்காரர்களும் தங்கள் பங்கைப் போடவேண்டும்.