விழுப்புண்ணும் மாற்றாளும்

போர்க்களத்தில் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றியது பழந்தமிழர் மரபு. முகத்திலும் மார்பிலும் புண் ஏற்றவன் புகழுக்குரியவன். முதுகில் ஏற்றவன் நாணத்திற்குரியவன். இவ்வுணர்வைப் புறத்திணை இலக்கணம் துறை துறையாய்ப் பகுத்துக் காட்டுகிறது. தன் படை உடைந்து பின்னிடும் வேளையில், தனியொருவனாய் நின்று அதன் பின்னணியைக் காப்பவனது நிலை ‘எருமை மறம்’ எனப்பட்டது. வேந்தனைப் பகைவர் சூழ்ந்துகொண்ட பொழுதில், வீரன் ஒருவன் மீண்டு வந்து அவர்களை எறிந்து தடுப்பது ‘தார்நிலை’ எனப்பட்டது. இவற்றை வகுப்பறையில் விளக்கும்போது மாணாக்கர் கண்களில் ஒளி தோன்றுவதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர்.

விளையாட்டும் ஒருவகையில் போரின் நிழலே. அங்கும் முன்னணி உண்டு, பின்னணி உண்டு, காப்போரும் தாக்குவோரும் உண்டு. ஆயினும் விளையாட்டு போர் அன்று. போரில் புண்பட்டவன் விலகினால் நாடு வீழலாம். ஆட்டத்தில் புண்பட்டவன் விலகினால் ஒரு கிண்ணம் கைமாறும், அவ்வளவே. இவ்வேறுபாட்டை விளையாட்டுலகம் உணர்ந்து கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. காயமுற்ற ஆட்டக்காரருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கலாமா என்னும் எளிய கேள்விக்கு விடை காண ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அவ்வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

பதின்மராய் ஆடிய காலம்

1863இல் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தோன்றி ஆட்ட விதிகளை வகுத்தது. அதன்பின் நூறாண்டுக் காலம், அந்நாட்டின் முறையான போட்டிகளில், காயமுற்றவருக்கு மாற்றாள் என்பதற்கு இடமே இருக்கவில்லை. பதினொருவர் களம் புகுந்தால் அப்பதினொருவரே இறுதிவரை ஆடவேண்டும். ஒருவர் கால் முறிந்து வீழ்ந்தால் எஞ்சிய பதின்மர் ஆடுவர். நடக்க முடிந்தவராயின், நொண்டிக்கொண்டேனும் களத்தின் ஓரத்தில் நிற்பார். எதிரணியினர் ஒருவரது கவனத்தையாவது அவர் ஈர்த்து வைக்கட்டும் என்பது அக்கால வழக்கு.

இதனால் விளைந்த துன்பங்களுக்கு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டங்களே சான்று. 1956 மே 5ஆம் நாள் வெம்பிளி அரங்கில் மான்செஸ்டர் சிட்டியும் பர்மிங்ஹாம் சிட்டியும் மோதின. மான்செஸ்டரின் கோல் காவலர் பெர்ட் டிராவுட்மன், ஆட்டம் முடிய 17 நிமிடங்களே இருந்தபோது, எதிரணி வீரர் ஒருவரின் காலடியில் பாய்ந்து பந்தைப் பற்றினார். கழுத்தில் கடும் அடிபட்டது. மாற்றுக் காவலர் இல்லை. தலை சுழலச் சுழல நின்று ஆடினார். அவர் குழு 3-1 என வென்றது. சில நாள்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரே படமே அவரது கழுத்தெலும்பு முறிந்திருந்ததைக் காட்டிற்று. இன்னும் ஓர் இடி பட்டிருந்தால் உயிரே போயிருக்கும்.

அடுத்த ஆண்டு 1957இல், மான்செஸ்டர் யுனைடெட்டின் கோல் காவலர் ரே வுட், ஆட்டம் தொடங்கிய ஆறாம் நிமிடத்திலேயே கன்ன எலும்பு முறிந்து வீழ்ந்தார். களத்தின் நடுவே ஆடவேண்டிய ஜாக்கி பிளாஞ்ச்பிளவர் கோல் கம்பங்களுக்கிடையே நிற்க நேர்ந்தது. ஆஸ்டன் வில்லா 2-1 என வென்றது. 1959இல் நாட்டிங்ஹாம் பாரஸ்ட் குழுவின் ராய் டுவைட்டும், 1960இல் பிளாக்பர்ன் குழுவின் டேவ் வீலனும் அதே வெம்பிளியில் கால் முறிந்தனர். முன்னவரின் குழு பதின்மரோடு வென்றது. பின்னவரின் குழு தோற்றது. வென்றவரைப் புகழ்ந்தும் தோற்றவருக்கு இரங்கியும் ஏடுகள் எழுதின. ஆயின் விதி மட்டும் அசையவில்லை.

உலகக் கிண்ணத்திலும் இதே நிலைதான். 1962இல் சிலி நாட்டில் நடந்த போட்டியில், பிரேசிலின் பெலே இரண்டாம் ஆட்டத்திலேயே காயமுற்றார். அந்த ஆட்டத்திற்குள் அவருக்குப் பதிலாக எவரும் வர இயலவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவரிடத்தில் அமரில்டோ இறங்கினார்; ஸ்பெயினுக்கு எதிராக இரு கோல்களை அடித்துத் தம் குழுவை மீட்டார்; செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிரான இறுதியாட்டத்திலும் ஒரு கோல் அடித்தார். மாற்றாக வந்தவர் மாற்றுக் குறைந்தவர் அல்லர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1966 ஜூலை 19இல் போர்த்துகலுக்கு எதிரான ஆட்டத்தில் பெலே மீண்டும் தாக்குண்டார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் நொண்டியபடியே ஆட்டம் முடியும்வரை களத்தில் நின்றார். பிரேசில் 3-1 எனத் தோற்று வெளியேறியது.

விதி மாறிய வரலாறு

இங்கிலாந்து லீக் போட்டிகளில் 1965இல் முதன்முறையாக விதி தளர்ந்தது. காயமுற்றவருக்குப் பதிலாக ஒரே ஒருவர் இறங்கலாம் என்றனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள், போல்டன் குழுவுக்கு எதிராக ஆடிய சார்ல்டன் குழுவின் கோல் காவலர் மைக் ரோஸ் பதினோராம் நிமிடத்தில் காயமுற, கீத் பீகாக் களம் இறங்கினார். அந்த லீக் வரலாற்றில் முதல் மாற்று ஆட்டக்காரர் அவரே. பொய்க் காயம் காட்டி ஆள் மாற்றுகின்றனர் என்ற ஐயம் எழவே, இரண்டாண்டுகளுக்குள் எக்காரணத்திற்காகவும் ஒருவரை மாற்றலாம் என விதியை விரித்தனர்.

உலகக் கிண்ணப் போட்டியில் 1970ஆம் ஆண்டு மெக்சிகோவில்தான் மாற்று ஆட்டக்காரருக்கு இடம் கிடைத்தது, அதுவும் இருவருக்கே. மே 31ஆம் நாள் தொடக்க ஆட்டத்தின் இடைவேளைக்குப் பின் இறங்கிய சோவியத் வீரர் அனடோலி புசாச் முதல்வரானார். ஆயின் அதே போட்டியின் அரையிறுதியில், இத்தாலிக்கு எதிராக ஆடிய மேற்கு ஜெர்மனியின் பெக்கன்பாவர் தோள்மூட்டு விலகியபோது, இரு மாற்று வாய்ப்புகளும் முன்னரே தீர்ந்துவிட்டிருந்தன. கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவர் ஆடினார்; இத்தாலி 4-3 என வென்றது. அக்காட்சியை இன்றும் வீரத்தின் ஓவியமாகப் போற்றுவோர் பலர். விதியின் போதாமைக்கும் அதுவே ஓவியம் என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் 1995இல் மூவராகவும், பெருந்தொற்றுக் காலமான 2020இல் தற்காலிகமாக ஐவராகவும் மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கை உயர்ந்தது; 2022இல் ஐவர் என்பது நிலையான விதியாயிற்று. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி உற்றவருக்காகத் தனியே ஒரு மாற்று வாய்ப்பை அளிக்கும் ஏற்பாடும் 2024இல் விதிநூலில் இடம்பெற்றது. இது சாலவும் சிறந்த மாற்றம். ஏனெனில், தலையில் அடிபட்டவர் தம் நிலையைத் தாமே அறிய மாட்டார். ‘நான் ஆடுவேன்’ என்று அவர் சொல்வதை நம்பி விடலாகாது என்பது மருத்துவம் கற்பித்த பாடம்.

வேந்தனைக் காக்கும் ஐவர்

அமெரிக்கர் ‘காற்பந்து’ என அழைப்பது வேறொரு விளையாட்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது அது. அதில் குவார்ட்டர்பேக் என்பவர் வேந்தனைப் போன்றவர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் அவரே. அவர்முன் ஐவர் வரிசையாய் நிற்பர். நடுவில் ஒருவர், அவர்க்கு இருபுறமும் இருவர், கடைக்கோடியில் இருவர். பாய்ந்து வரும் எதிரிகளைத் தம் உடலால் தடுப்பதே இவர்தம் பணி. கோல் அடித்தார் என்ற புகழ் இவர்க்குப் பெரும்பாலும் இல்லை. பார்ப்போர் கண்கள் பந்தின்மேல் இருக்குமேயன்றி இவர்மேல் இரா. நம் இலக்கணம் கூறும் தார்நிலை வீரர் இவரே எனலாம்.

இவ்வைவரும் ஒருவர் அசைவை ஒருவர் அறிந்து இயங்குபவர். ஆதலின் ஒருவர் காயமுற்றால் ஓரிடம் மட்டும் காலியாவதில்லை. அண்டை நிற்பவரின் பணியும் மாறிவிடுகிறது. அந்நாட்டுத் தொழில்முறைக் குழுக்கள், போரினால் ஆள் பஞ்சம் ஏற்பட்ட 1943இல் எத்தனை முறையும் ஆள் மாற்றலாம் என்ற விதியைக் கொண்டுவந்தன; இடையே தளர்ந்த அவ்விதி 1950இல் நிலைபெற்றது. எனினும் விதி இடம் கொடுத்தாலும் ஏற்ற ஆள் வேண்டுமே! 1985 நவம்பர் 18ஆம் நாள், வாஷிங்டன் குழுவின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன், நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து வீழ்த்தியதில் கால் முறிந்து, பின் என்றும் ஆட இயலாதவரானார். அன்று அவரது இடப்பக்கத்தைக் காக்கும் வழக்கமான வீரர் ஜோ ஜேக்கபி காயத்தால் களத்தில் இல்லை. அவரிடத்தில் நின்றவரைக் குறை கூறுவது முறையன்று. தைஸ்மனுக்கு மாற்றாக வந்த ஜே ஷ்ரோடர் 23-21 என அவ்வாட்டத்தை வென்று கொடுத்தார் என்பதும் உண்மை. ஆயினும், காவல் வரிசையில் ஓரிடம் காலியாவது எத்துணைப் பெரிய கவலை என்பதை அந்த இரவு பலருக்கும் உணர்த்திற்று.

பிரிஸ்பேனில் இரு தமிழர்

மாற்றாளின் பெருமையைத் தமிழர் நெஞ்சில் பதித்த நிகழ்ச்சி காற்பந்தில் அன்று, கிரிக்கெட்டில் நிகழ்ந்தது. அவ்விளையாட்டின் விதி இன்னும் கடுமையானது. காயமுற்றவருக்குப் பதிலாக வருபவர் பந்தைத் தடுத்துப் பிடிக்கலாமே தவிர, மட்டை பிடிக்கவோ பந்து வீசவோ இயலாது என்பதே நெடுநாளைய வழக்கு. மூளை அதிர்ச்சி உற்றவருக்கு மட்டும் முழு மாற்றாள் வரலாம் என 2019 ஆகஸ்டில் அனைத்துலகப் போட்டிகளில் விதி வந்தது.

2020ஆம் ஆண்டிறுதியில் இந்தியக் குழு ஆஸ்திரேலியாவிற்குச் சென்றது. அடிலெய்டில் 36 ஓட்டங்களுக்குச் சுருண்ட அக்குழுவை, அடுத்து வந்த காயங்கள் மேலும் தாக்கின. ஷமிக்குக் கை முறிந்தது. மெல்பர்னில் உமேஷ் யாதவ் வீழ்ந்தார். சிட்னியில் ஜடேஜாவின் கட்டை விரல் பிசகியது, பும்ராவும் காயமுற்றார். அதே சிட்னியில், முதுகு வலியோடு சென்னை அஸ்வினும், தொடைத் தசை கிழிந்த நிலையில் ஹனும விகாரியும், மாற்றாள் வர வழியின்றி மணிக்கணக்கில் மட்டை பிடித்து நின்று ஆட்டத்தைத் தோல்வியினின்று காத்தனர். எருமை மறத்திற்கு இக்காலத்து எடுத்துக்காட்டு இது.

2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் தொடங்கிய இறுதி ஆட்டத்திற்கு, முன்னணிப் பந்து வீச்சாளர் எவரும் எஞ்சவில்லை. 1988க்குப் பின் ஆஸ்திரேலியா தோல்வியே காணாத களம் அது. அங்கே இரு தமிழர் முதன்முதலாக டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினர். ஒருவர் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராஜன், மற்றவர் சென்னையைச் சேர்ந்த வாஷிங்டன் சுந்தர். நடராஜனின் தந்தையார் தறித் தொழிலாளி. தாயார் சாலையோரத்தில் சிறு கடை நடத்தியவர். பயிற்சியில் பந்து வீசுவதற்கென அழைத்துச் செல்லப்பட்ட அவர், ஒருவர் பின் ஒருவராய்ப் பிறர் காயமுற, ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியரானார்.

முதற்பகுதியில் இருவரும் மும்மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினர். இந்தியக் குழு 186 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை இழந்து தவித்தபோது, சுந்தர் 62 ஓட்டங்களும் சர்துல் தாக்குர் 67 ஓட்டங்களும் எடுத்து, ஏழாம் விக்கெட்டுக்கு 123 ஓட்டங்கள் சேர்த்தனர். மாற்றாகச் சேர்ந்தவருள் ஒருவரான நவ்தீப் சைனியே அவ்வாட்டத்தில் காயமுற்றார் என்றால் நெருக்கடியை ஊகித்துக் கொள்ளலாம். ஜனவரி 19ஆம் நாள், 328 என்ற இலக்கை எட்டி மூன்று விக்கெட் வேறுபாட்டில் இந்தியா வென்றது. தொடரும் 2-1 என வயமாயிற்று.

இவ்வெற்றியை நல்லூழ் என்று சொல்லிவிடலாகாது. அழைப்பு வரும் என்ற உறுதி இல்லாதபோதும் நாள்தோறும் பயிற்சி செய்திருந்ததால்தான், அழைத்த நாளில் அவர்களால் நிற்க முடிந்தது.

தோட்டத்து நிரையும் ஆட்டக் களமும்

மந்தின் வட்டாரத்துத் தோட்டங்களை அறிந்தோர்க்கு இவ்வரலாறு அயலாகத் தோன்றாது. சிரம்பானிலிருந்து காஜாங் செல்லும் பழைய சாலையை ஒட்டிய இப்பகுதியிலும், நெகிரி செம்பிலானின் பிற தோட்டங்களிலும், நம் முன்னோர் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தத்தமக்குரிய நிரையில் பால்மரம் வெட்டினர். அன்றாடம் உழைத்தால் அன்றாடம் கூலி என்னும் வாழ்வில், உடல் நலிந்த நாளிலும் உளியைக் கையிலெடுத்தோர் பலர். நொண்டியபடி களத்தோரம் நின்ற ஆட்டக்காரரின் நிலையும் அவர்தம் நிலையும் வேறல்ல. ‘தாங்கிக் கொள்’ என்பதே இருவர்க்கும் சொல்லப்பட்ட அறிவுரை.

சட்டம் மெல்ல மெல்ல வந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1952இல் பிறந்தது. 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நாம் சொக்சோ என அழைக்கும் அமைப்பு 1971இல் செயற்படத் தொடங்கியது. பணியிடத்தில் புண்பட்டவன் ஓய்ந்திருக்க உரிமையுடையவன் என்னும் கருத்து வேரூன்றிய அதே காலப்பகுதியில், ஆட்டக் களத்திலும் மாற்றாளுக்கு இடம் பிறந்தது. இவ்விரண்டும் ஒன்றால் ஒன்று விளைந்தவை அல்ல. எனினும் மனித உடல் ஒரு கருவி அன்று என்னும் ஒரே உணர்வு இரண்டிலும் உள்ளது.

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாய் மாறிவிட்ட இந்நாளில், ஆட்டக் களம் பெரும்பாலும் நம் பள்ளித் திடலே. அங்கே ஆசிரியர்க்கு இரு கடமைகள் உண்டு. அடிபட்ட பிள்ளை, கோழை என்னும் சொல்லுக்கு அஞ்சாமல் திடலை விட்டு வரச் செய்தல் ஒன்று. ஓரத்து விசிப்பலகையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும், களத்தில் ஆடும் பிள்ளைக்கு அளிக்கும் அதே பயிற்சியை அளித்தல் மற்றொன்று. முதலாவதைச் செய்து இரண்டாவதைச் செய்யாவிடின், புண்பட்டவனே மீண்டும் களத்திற்கு ஓடுவான். தன்னிடத்தில் நிற்க ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

விழுப்புண்ணைப் பாடிய புலவர்களை நாம் தொடர்ந்து கற்பிப்போம். அவர்கள் பாடியது போரை. திடலில் வீழ்ந்த சிறுவனைத் தூக்கி வந்து, அவனிடத்தில் நிற்க ஆயத்தமாயிருக்கும் இன்னொரு சிறுவனை அனுப்பும் ஆசிரியர், அவ்விருவர்க்கும் ஒருங்கே மதிப்பளிக்கிறார். காயமுற்றவன் குழுவினின்று நீங்கியவன் அல்லன். மாற்றாக வந்தவன் குழுவிற்குப் புதியவனும் அல்லன்.