அம்பாசடர், லான்சர், ஒரு லாக்கர்: எந்த காரை நம்பலாம்?

முதல் கார் வாங்கப்போகும் யாராக இருந்தாலும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: எந்த பிராண்ட் நம்பகமானது? மைலேஜ் பார்த்தாச்சு, விலை பார்த்தாச்சு, ஏர்பேக் எண்ணியாச்சு. அப்புறமும் மனசு கேட்காமல் மாமாவுக்கு ஒரு போன், ஆபீஸ் நண்பனுக்கு ஒரு போன். மாமா "கண்ணை மூடிட்டு மாருதி எடு"ன்னு சொல்வார். நண்பன் டொயோட்டா என்பான். ரெண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறைதான்.

இந்த எபிசோடில் நான் ரேங்க் லிஸ்ட் தரப்போவதில்லை. "நம்பகமான கார்" என்ற வார்த்தைக்கே நம்ம ஊரில் ஒரு வரலாறு இருக்கு. அதைப் பார்க்க டெட்ராய்ட் போகவேண்டாம், சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கல் ஏறினால் போதும். (டோக்கியோவுக்கு மட்டும் நடுவில் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கும்.)

திருவள்ளூர் தாண்டினால் ஏகாட்டூர், கடம்பத்தூர். அங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார், ரத்தின சபை, ராஜேந்திர சோழனின் செப்பேடு என்று வரலாற்று ஆர்வலர்கள் இறங்குகிற ஊர். நாம் இன்னிக்கு கொஞ்சம் முன்னாடியே இறங்குறோம். கடம்பத்தூருக்குப் பக்கத்தில் அதிகத்தூர்னு ஒரு கிராமம். அங்கே இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. அதே சமயத்தில் அதே கம்பெனி கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடரும் செய்துகொண்டிருந்தது.

ஒரே கம்பெனி, ரெண்டு கார். ஒன்று அடிக்கடி மக்கர் பண்ணும், ஆனால் ஊரே அதை நம்பியது. இன்னொன்று ரொம்ப வருஷம் தொந்தரவே தராது, ஆனால் வாங்க யோசித்தார்கள். இது எப்படி?

முதலில் அம்பாசடர் காலத்துக்குப் போவோம். சுதந்திரத்துக்கு முன்னால் இங்கே ஓடியதெல்லாம் வெளிநாட்டு கார்கள்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்தே பம்பாயில் அசெம்பிள் செய்தது. ஃபோர்டும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களை அசெம்பிள் செய்தது. பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது அதுதான். 1953-ல் டாரிஃப் கமிஷன் ஒரு அறிக்கை கொடுத்தது. அதன் சாரம்: உதிரி பாகங்களை இங்கேயே செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இங்கே இடமில்லை. அடுத்த வருஷமே ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. ஜீப்பை விட்டுவிட்டால், கார் என்று மிஞ்சியது மூன்று வீட்டுப் பிள்ளைகள்தான்: கல்கத்தாவின் இந்துஸ்தான், பம்பாயின் ஃபியட், நம்ம பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட்.

அந்தக் காலத்து பிராண்ட் ஒப்பீடு ரொம்ப எளிது. குண்டும் குழியுமான ரோடு, பெரிய குடும்பம், கல்யாண சாமான் என்றால் அம்பாசடர். டவுனுக்குள் சொகுசாகப் போக ஃபியட். 1961-ல் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு சின்ன வண்டி, டிரைவர் வைக்காமல் தானே ஓட்டுகிறவர்களின் வண்டி. ஆனால் மூன்றுமே நடுரோட்டில் நின்றன, அதுதான் உண்மை. பாயின்ட் தேயும், கண்டென்சர் போகும், ரேடியேட்டர் கொதிக்கும், கார்புரேட்டரில் தூசி அடைக்கும். கிங்பின்னுக்கு மறக்காமல் கிரீஸ் அடிக்கணும். டிக்கியில் ஃபேன் பெல்ட், ஒரு பாயின்ட் செட், ஒரு கேன் தண்ணீர் இல்லாமல் யாரும் வெளியூர் கிளம்ப மாட்டார்கள்.

அப்போ நம்பகம் என்றால் என்ன? நின்ற வண்டி எவ்வளவு சீக்கிரம் மறுபடி கிளம்பும் என்பதுதான். அதில் அம்பாசடரை அடிக்க ஆளில்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸை வைத்து 1950-களின் கடைசியில் ஆரம்பித்த அந்த உருவம், 2014 மே மாதம் உத்தர்பாரா மூடும்வரை அடிப்படையில் மாறவே இல்லை. அப்பா கற்ற வேலை மகனுக்கும் பயன்பட்டது. எந்தத் தாலுகாவிலும் ஒரு புளியமரத்தடியில் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒருத்தர் இருந்தார். லைசன்ஸ் ராஜ்ஜியத்தின் சோம்பல் என்று நாம் கிண்டல் பண்ணும் அதே மாறாத தன்மைதான் அந்த காரின் பலம். இதை நான் பொற்காலம்னு சொல்ல வரலை. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய புது வண்டியை முதலில் மெக்கானிக்கிடம் காட்டுவது பொற்காலம் ஆகாது.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் சென்னையிலேயே இருக்கு. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. வெளியே பார்த்தால் இங்கிலாந்தின் ரோவர், ஆளை அசத்தும். பானெட்டைத் திறந்தால் பழைய வான்கார்டு வழிவந்த 1991 சிசி எஞ்சின். உடம்புக்கும் இதயத்துக்கும் பொருத்தமே இல்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. அந்த கார் தோற்றதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதோடு சேர்த்து ஹெரால்டும் கெஸலும் வைத்திருந்தவர்களும் அநாதையானார்கள் என்பதுதான். அவர்கள் வண்டியில் ஒரு நட்டுகூட மாறவில்லை. மாறியது பெருங்களத்தூர் கேட்.

அதற்குள் மாருதி 800 வந்துவிட்டது. 1983 டிசம்பர். சாவியைத் திருப்பினால் கிளம்பும், தினமும் பானெட் திறக்க வேண்டாம். நம்பகம் என்றால் "நின்றால் கிளம்பும்" என்பது போய், "நிற்கவே நிற்காது" என்று ஆனது. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், தாண்டிப் போறேன்.

இப்போ அதிகத்தூர். திருவள்ளூருக்கு இந்துஸ்தான் மோட்டார்ஸ் புதுசு இல்லை. 1971-லேயே மண் அள்ளும் எந்திரங்கள் செய்ய இந்தப் பக்கம் வந்துவிட்டது. பிறகு அந்தப் பிரிவை கேட்டர்பில்லர் வாங்கியது. 1998-ல் அவர்கள் மிட்சுபிஷியோடு சேர்ந்து லான்சரைக் கொண்டுவந்தார்கள். ரேலி பந்தயங்களில் பேர் வாங்கிய பெயர், ஜப்பான் எஞ்சின். அந்தக் காலத்தில் லான்சர் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ணில் இன்னும் ஒரு வெளிச்சம் வரும்.

அதே 1998-ல், கார் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரத்தில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கு. ஹூண்டாய்க்கு எஞ்சின் கற்றுக்கொடுத்ததே மிட்சுபிஷிதான். 1975-ல் கொரியாவின் போனி காரில் இருந்தது மிட்சுபிஷி எஞ்சின். 1986-ல் ஹூண்டாய் எக்ஸெல் அமெரிக்கா போனது, முதல் வருஷமே 1,68,000-க்கு மேல் விற்றது, சீக்கிரமே தரம் சரியில்லை என்று டி.வி. காமெடியன்களின் கேலிப்பொருள் ஆனது. அதுவும் மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் செய்த கார்தான். ஆக, நம்ம ஊருக்கு வாத்தியாரும் மாணவனும் ஒரே வருஷம் வந்தார்கள். பிராண்ட் பேரை வைத்து அன்றைக்குப் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் பெரும்பாலானவர்கள் வாத்தியார் மேல்தான் கட்டியிருப்பார்கள்.

ஹூண்டாய் அமெரிக்காவில் அதே 1998-ல் ஒரு முடிவு எடுத்தது: எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருஷம் அல்லது 1 லட்சம் மைல் வாரன்டி. வண்டி கெட்டால் செலவு கம்பெனிக்கு. அப்படி ஒரு வாக்குறுதி கொடுத்தபிறகு தரத்தைச் சரிபண்ணாமல் இருக்க முடியாது, இல்லையா? 2004-ல் ஜே.டி. பவர் நிறுவனத்தின் புதுக்கார் தர ஆய்வில் ஹூண்டாய் ஹோண்டாவுக்குச் சமமாக வந்து நின்றது.

வாத்தியார் வீட்டில் என்ன நடந்தது? இதற்குத்தான் டோக்கியோ. 2000-ஆம் வருஷம் ஜூலையில் ஜப்பான் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகள் மிட்சுபிஷி அலுவலகத்தில் சோதனை போட்டார்கள். ஊழியர்கள் உடை மாற்றும் அறை லாக்கரில் கிடைத்தது வாடிக்கையாளர் புகார்க் காகிதங்கள். விசாரித்தால், 1977-லிருந்து, அதாவது 23 வருஷமாக, புகார்களை ரெண்டு வகையாகப் பிரித்து ஒரு பகுதியை அரசாங்கத்துக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள். ஆறு லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைக்கவேண்டி வந்தது, தலைவர் பதவி விலகினார். அதோடு முடியவில்லை. 2002 ஜனவரியில் யோகோஹாமாவில் ஒரு மிட்சுபிஷி லாரியின் சக்கரம் கழன்று ஓடி, நடந்துபோன ஒரு இளம் தாயைக் கொன்றது. சக்கர ஹப்பில் கோளாறு இருப்பதை கம்பெனி மறைத்தது 2004-ல் வெளியே வந்தது.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்றேன்னா, பிராண்ட் ஒப்பீடு என்பதே எண்ணிக்கைதான். யார் எண்ணுகிறார்கள், எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் விஷயம். ஜே.டி. பவர் உரிமையாளர்களைக் கேட்டு நூறு காருக்கு எத்தனை பிரச்சினை என்று கணக்கிடும். அதில் ப்ளூடூத் கனெக்ட் ஆகாததும் ஒரு பிரச்சினை, கியர்பாக்ஸ் உடைவதும் ஒரு பிரச்சினை. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. சங்கம் நடுரோட்டில் நின்ற கார்களை உதவிக்குப் போகும்போது எண்ணும். அங்கே ப்ளூடூத் வராது, செத்த பேட்டரி வரும். அதே நாட்டின் டூஃப் அமைப்பு ஃபிட்னஸ் சோதனையில் ஃபெயில் ஆன வண்டிகளை எண்ணும். அதில் பிரேக், டயர், லைட் வரும், உரிமையாளரின் அக்கறையும் சேர்ந்து வரும். ஒரே கார் மூன்று பட்டியலில் மூன்று இடத்தில் இருக்கலாம், எதுவும் பொய் இல்லை. புகார் லாக்கருக்குள் இருந்தால் மட்டும் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

இத்தனைக்கும் லான்சர் மோசமான காராக இருந்ததில்லை. அதற்கு வினை வந்தது வேறு பக்கத்திலிருந்து. விற்பனை மாருதி, ஹூண்டாய் பக்கத்தில்கூட வரவில்லை. விற்பது குறைவு என்றால் சர்வீஸ் சென்டர் குறைவு. சர்வீஸ் சென்டர் குறைவு என்றால் உதிரி பாகம் மெதுவாக வரும், விலையும் ஏறும். அது தெரிந்ததும் விற்பனை இன்னும் குறையும். பஜேரோ, சீடியா, அவுட்லேண்டர் என்று அதிகத்தூரிலிருந்து வண்டிகள் வந்தன, ஆனால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வர முடியவில்லை. இந்துஸ்தான் மோட்டார்ஸிடமும் பணம் இல்லை. 2014-ல் உத்தர்பாரா நின்றது. அதே வருஷம் திருவள்ளூர் ஆலை குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. இசுசு கொஞ்ச காலம் தன் வண்டிகளை இங்கே செய்துகொண்டது. 2016-ல் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்ததும் அதுவும் போனது. (90-களில் அம்பாசடருக்கு எஞ்சின் கொடுத்ததும் இதே இசுசுதான். சின்ன உலகம்.)

இந்த எபிசோடுக்காக நான் திருவாலங்காடு வரைக்கும் போனேன். அங்கேதான் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கு, பேரில்தான் திருத்தணி. அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர் நடுவழியில் நின்றால், வெட்டிய கரும்பு காயும், எடை குறையும், பணம் குறையும். அந்த ரோட்டோரம் டிராக்டர் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம், "அண்ணே, எந்தக் கம்பெனி வண்டி நல்ல வண்டி?"ன்னு கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "எந்த ஊர்ல ஓட்டப்போற தம்பி?"ன்னு திருப்பிக் கேட்டார். அம்பாசடர் ஓட்டினவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரிந்திருக்கும்.

2021-ல் ரெண்டு விஷயம் நடந்தது. ஏப்ரலில், குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிகளுக்கு உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தரும் விதிகள் அமலுக்கு வந்தன. அதுவரை இங்கே ரீகால் என்பது கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்வது, அதுவும் 2012-ல்தான் ஒரு முறைக்குள் வந்தது. இப்போ 7 வருஷத்துக்குள் இருக்கிற வண்டி என்றால் உரிமையாளரே அரசின் வாகன் தளத்தில் புகாரைப் பதியலாம். குறிப்பிட்ட அளவுக்குமேல் புகார் சேர்ந்தால் விசாரணை. செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீஸ் தொடரும் என்று சொன்னார்கள். ஆனாலும் மறைமலை நகரில் செய்த எக்கோஸ்போர்ட் வைத்திருந்த எத்தனை பேர் அன்று ராத்திரி ஸ்பேர்ஸ் கிடைக்குமா என்று தேடியிருப்பார்கள்? வண்டி அதேதான், நேற்று ஓடிய மாதிரியேதான் மறுநாளும் ஓடியது.

ஒரு நல்ல பழைய லான்சர் குறைந்த விலைக்கு வருது, வாங்கலாமா என்று கேட்டால் என் பதில்: ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னாடி ஒருநாள் ஜி.பி. ரோடு போங்க, புதுப்பேட்டை போங்க. ஹெட்லைட்டும் சஸ்பென்ஷன் பாகமும் யாரிடம் இருக்கு, என்ன விலை என்று கேளுங்க. அந்த காரைப் பிரித்துப் பழகிய ஒரு மெக்கானிக்கின் போன் நம்பரை வாங்குங்க. அது கிடைத்தபிறகு அட்வான்ஸ் கொடுங்க.