கற்பிட்டி தந்த ஒப்பியல் நோக்கு

ஒப்பிலக்கியம் இன்று பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்குரிய ஒரு துறையாகும். இந்தியாவிலே அதற்கெனத் தனித்துறை 1956ஆம் ஆண்டில் கல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. அதனை நிறுவியவர் வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ். ஆயினும், தமிழ்ப் புலவரை உலகப் புலமையின் நடுவே நிறுத்திக் காட்டும் முயற்சி அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே புத்தளக் கடற்கரையைச் சேர்ந்த ஒருவரால் தொடங்கப்பெற்றது. அவரே சைமன் காசிச்செட்டி.

புத்தளக் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலத்தில் உள்ளது கற்பிட்டி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவரும் ஒருவர்பின் ஒருவராக ஆண்ட துறைமுகம் அது. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை இன்றும் அங்கே நிற்கின்றது. பல மொழிகள் வந்து கலந்த அவ்வூரில் 1807ஆம் ஆண்டு பிறந்த காசிச்செட்டி, பன்மொழிப் புலமை பெற்றதில் வியப்பில்லை. 1834இல் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் விவரிக்கும் கசற்றியர் என்னும் நூலை வெளியிட்டார். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார்.

1859இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட புலவர் சரிதத்துக்குத் ‘தமிழ் புளூராக்’ என்று பெயரிட்டார். புளூராக் என்பவர் கிரேக்கப் பெருமக்களையும் உரோமப் பெருமக்களையும் இருவர் இருவராக இணைத்து வரலாறு எழுதிய பண்டை ஆசிரியர். காசிச்செட்டி அவ்வாறு இணைத்து எழுதினாரல்லர். எனினும், தம் புலவர்க்கும் அத்தகைய வரலாறு உரியதென்பதை அப்பெயராலேயே உணர்த்தினார்.

அம்முயற்சிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. சங்கநூல்களுள் பெரும்பாலானவை அன்று அச்சேறவில்லை. ஆதலின், பழம்புலவர்களைப் பற்றிச் செவிவழிக் கதைகளையே அவர் பெரிதும் நம்ப நேர்ந்தது. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அத்தகைய பதிப்புகள் கைக்கு எட்டிய பின்னரே, ஈழத்து அறிஞர் க. கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரகாவியங்களோடு ஒப்பிட்டு ஆராய முடிந்தது. அவ்வாய்வு 1968இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. மறு ஆண்டு ‘ஒப்பியல் இலக்கியம்’ என்னும் அவரது தமிழ் நூல் தோன்றியது.

இவ்வரலாறு ஒப்பிலக்கியம் பயில விரும்பும் மாணவர்க்கு ஒன்றை உணர்த்துகின்றது. பிறர் பெயரைக் கடன்வாங்கித் தம் புலவரைப் பெருமைப்படுத்துவது முதற்படி மட்டுமே. இரு மொழி நூல்களையும் மூலத்திலேயே கற்று, ஒன்றை மற்றொன்றின் அளவுகோலாக்காமல், ஒற்றுமையோடு வேற்றுமையையும் காண்பதே அடுத்த படி. காசிச்செட்டி முதற்படியில் நின்றவர். ஆனால், அப்படி ஒன்று அமையாதிருந்தால் பின்வந்தோர் கால் ஊன்ற இடம் ஏது?

1860ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். கற்பிட்டியின் கடற்காற்றில் வளர்ந்த அந்தப் பரந்த நோக்கு, இன்றைய மாணவர் கையில் நிறைவு பெற வேண்டிய பணியாக இருக்கின்றது.